குரூப்பை வீடு மாற்றிய வாரம்

வாழ்க்கையில் ஒரே ஓர் ஆளைத்தான் நான் முழு மனதோடு அடித்திருக்கிறேன். திண்டுக்கல் பூட்டால், முகத்தில். அடித்ததற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. இரண்டாவது அடி குறி தப்பித் தோளில் விழுந்ததே என்றுதான் வருத்தம். ஒரு மின்மடல் குழுவை ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு மாற்றப் போய், அது அடிதடியில் முடிந்தது என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். பிளைவுட் தடுப்பு போட்ட சின்னச் சின்ன கேபின்கள். ஒருவர் பெரிய படம் எதையாவது திறந்தால் மற்ற எல்லாருக்கும் இணைப்பு நின்றுபோகும். எனக்கு அப்போது கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். கல்லூரிப் பையன்கள் கண்ட படத்தையும் பார்த்தால் பின்னாலிருந்து தலையில் ஒன்று வைப்பேன். ஒருமுறை மவுஸைப் பிடுங்கி வீசியதில் ஒருவனுக்குப் புருவம் கிழிந்து ரத்தம் வந்துவிட்டது. அவன் அம்மா ஆள் கூட்டிக்கொண்டு வருவாள் என்று காத்திருந்தேன். வந்தவள் காரணத்தைக் கேட்டுவிட்டு அவன் முதுகில் இன்னொன்று வைத்துக் கூட்டிப்போனாள்.

எங்கள் ஆட்கள் வீட்டில் பேசுவது தமிழ் இல்லை. பல தலைமுறைக்கு முன் குஜராத் பக்கமிருந்து வந்தவர்கள் நாங்கள். அந்த மொழி இன்னும் அடுப்படிக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. சண்டை என்று வந்துவிட்டால் மட்டும் தமிழுக்கு மாறிவிடுவோம். நம்ம மொழியில் திட்டினால் வாய் நிறைய மாட்டேங்குது என்பான் என் அண்ணன்.

எங்கள் ஆட்களில் என்னைப் போன்ற பெண்களுக்கென்று நான் ஒரு குரூப் தொடங்கியிருந்தேன். ஓர் இலவசத் தளத்தில் ஓடிய மெயில் குரூப். ஒருத்தி எழுதினால் அது எல்லோருடைய மெயிலுக்கும் போய்ச் சேரும். கல்யாணமாகிப் பெங்களூர், மஸ்கட், சிங்கப்பூர் என்று போனவர்கள், மதுரையிலேயே இருந்து என் கடைக்கு வந்து படித்தவர்கள் என்று நூற்றுச் சொச்சம் பேர். எங்கள் மொழியை ஆங்கில எழுத்தில் தட்டுவோம். முதலில் சமையல், விரதம், நாத்தனார் கொழுப்பு என்றுதான் போயிற்று. ஒருநாள் ஒருத்தி எழுதினாள்: கதவில் இடித்துக்கொண்டேன் என்று ஊரில் சொல்கிறேன், உங்களிடம் நிஜத்தைச் சொல்கிறேன். மறுநாள் ஐந்தாறு பேர் எழுதினார்கள். பெல்ட், குக்கர் மூடி, மாவுக் கரண்டி. ஈரத் துண்டை முறுக்கி அடித்தால் தடம் பதியாது என்பதை ஒருத்தி எழுதித்தான் தெரிந்துகொண்டேன். கல்யாணம் வேண்டாம் என்று வீட்டில் நான் சண்டை பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த மடல்களைப் படித்த பிறகு யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால் கையில் இருப்பதை எறிய ஆரம்பித்தேன்.

அவர்களில் ஒருத்தி சமயநல்லூரில் வாழ்க்கைப்பட்டவள். வெள்ளிக்கிழமையானால் மாரியம்மன் கோயிலுக்கு என்று சொல்லிக்கொண்டு தெப்பக்குளம் வருவாள். அங்கிருந்து என் கடைக்கு. கடைசி கேபினில் உட்கார்ந்து குரூப்பைப் படிப்பாள். என்னைவிடச் சின்னவள், டீச்சர் ட்ரெயினிங் முடித்தவள். புருஷன் எங்கள் ஆள்தான், நூல் வியாபாரம். ஒரு வெள்ளிக்கிழமை அவள் இடது கை இரண்டு விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. மற்ற விரல்களால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது?"

"சுத்தியல்க்கா. சாமி படம் மாட்ட ஆணி அடிச்சுக்கிட்டு இருந்தாரு. ஆணியப் பிடின்னாரு. பிடிச்சேன்."

"கை தவறிருச்சோ?"

"முத தடவை தவறிருச்சு," என்றாள். "ரெண்டாவது தடவை தவறல."

அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டேன். ஒரு வேலையும் ஓடவில்லை.

குரூப் அவளை அப்படியே விடவில்லை. குரூப்பை என்னோடு சேர்ந்து நடத்திய ஒரு அம்மா பெங்களூரில் இருந்தார். வயதில் பெரியவர், எல்லோருக்கும் சித்தி. அவர் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலைக்குச் சொல்லிவைத்தார், தங்க தன் வீட்டிலேயே ஓர் அறையை ஒழித்துவைத்தார். எந்த வெள்ளிக்கிழமை, எந்த பஸ் என்பது வரை குரூப்பில்தான் பேசி முடிவாயிற்று. கோயிலுக்கு என்று கிளம்புகிறவள் திரும்பிப் போக மாட்டாள். அதுவரை அவன் காதுக்கு எதுவும் எட்டக் கூடாது. எட்டினால் கொன்றுவிடுவான் என்று அவள் சொன்னபோது நான் நம்பினேன், ஏனென்றால் அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. அவளுடைய மெயில் ஐடியைத் திறந்து கொடுத்ததே அவன்தான். அந்தக் காலத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான்: அவன் பெயர் பாதி, அவள் பெயர் பாதி, பாஸ்வேர்டு அவன் வண்டி நம்பர். சிங்கப்பூரில் இருக்கும் அவன் அண்ணனுக்குக் கடிதம் எழுத என்று திறந்தது. விவரம் தெரியாமல் அதே ஐடியில் குரூப்பில் சேர்ந்துவிட்டாள். எனக்குத் தெரிந்ததும் முதல் காரியமாக, அவள் ஐடிக்கு மெயில் போகாதபடி, தளத்துக்கு வந்து மட்டும் படிக்கும்படி மாற்றிவைத்தேன். குரூப்பில் எல்லோருக்கும் கண்டிப்பாக எழுதினேன்: அவளுக்கு யாரும் தனியாக மெயில் போடக் கூடாது, போட்டால் நான் மனுஷியாக இருக்க மாட்டேன்.

இப்படி இருக்கையில்தான் அந்த இலவசத் தளம் கடையை மூடப்போவதாக அறிவித்தது. ஒரு மாதத்துக்குள் வேறு தளத்துக்குப் போய்விட வேண்டும், இல்லையென்றால் எல்லாம் அழிந்துபோகும். பழைய மடல்களையும் கொண்டுபோக வேண்டும் என்றார்கள் சிலர். தங்கள் அடிகளுக்கு அந்த மடல்கள்தான் சாட்சி என்றாள் மஸ்கட்காரி. எல்லாவற்றையும் எரித்துவிட்டுப் போவோம் என்றாள் இன்னொருத்தி. குரூப்பில் கெட்ட வார்த்தை பறந்தது. அடிபட்டவர்களுக்குள் அவ்வளவு வன்மம் சேர்ந்து கிடந்ததை அன்றுதான் பார்த்தேன். ஒருத்தி இன்னொருத்திக்கு 'நீ வாங்கிய அடி போதாது' என்று எழுதினாள். நான் இருவரையும் ஒரு வாரத்துக்கு வெளியே தள்ளிவிட்டு, பழைய மடல்களோடு புதுத் தளத்துக்கு மாறினேன்.

புதுத் தளத்தில் யாரைச் சேர்த்தாலும் அவர்களுக்கு உடனே ஒரு மெயில் போகும். அதைத் தடுக்க வழி இல்லை. அதனால் சமயநல்லூர்க்காரியின் ஐடியை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். அவளுக்கு என் கடையிலேயே வேறு ஐடி திறந்து, எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த பாஸ்வேர்டு வைத்து, வருகிற வெள்ளிக்கிழமை அவள் கையாலேயே சேர்ந்துகொள்வது என்று ஏற்பாடு. அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை அவள் பஸ் ஏறுவாள்.

இங்கே எங்கள் ஆட்களின் அழைப்புப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். கல்யாணமோ வீடு குடிபோவதோ, பெண்கள் குங்குமச் சிமிழோடு வீடு வீடாகப் போய் நெற்றியில் வைத்து அழைப்போம். ஒரு வீடு விட்டுப்போனால் தொலைந்தது. என் பெரியம்மா மகள் கல்யாணத்தில் ஒரு வீட்டை விட்டுவிட்டார்கள் என்று இரண்டு குடும்பம் தெருவில் செருப்பால் அடித்துக்கொண்டது. அதனால் பூட்டிய வீடாக இருந்தால்கூடக் கதவில் குங்குமம் வைத்துவிட்டுத்தான் எங்கள் தெருப் பெண்கள் திரும்புவார்கள். விட்டுப்போனவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கடைசியில் ஒரு பெரியவர் கணக்குப் பார்ப்பார்.

பெங்களூர் சித்தி கணக்குப் பார்த்தார். பழைய தளத்தையும் புதுத் தளத்தையும் பக்கத்தில் வைத்து, ஒருத்தி மட்டும் விட்டுப்போயிருக்கிறாள் என்று கண்டுபிடித்தார். அதுவும் பாவப்பட்டவள். நான் செய்துவைத்திருந்த ஏற்பாடு தெரியாமல், மனசு கேட்காமல் தன் கையால் அவளுக்கு அழைப்பை அனுப்பிவிட்டார்.

வியாழக்கிழமை காலை கடையைத் திறந்து, ஷட்டர் பூட்டை மேசைமேல் வைத்துவிட்டு, குரூப்பைப் பார்த்தேன். முந்தின ராத்திரி, நான் கடை மூடிய பிறகு, 'புது உறுப்பினர் சேர்ந்துள்ளார்' என்று வந்திருந்தது. அவளுடைய பழைய ஐடி. அதற்குக் கீழே வரிசையாக எங்கள் பெண்களின் மடல்கள். வா வா. வலது காலை எடுத்து வைத்து வா. நீ இல்லாமல் வீடு வீடாகவே இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமைக்குப் பெட்டி தயாரா.

அது அவள் இல்லை. என் கடைக்கு வந்தாலொழிய அவளுக்குக் கம்ப்யூட்டர் கிடைக்க வழியே இல்லை. அழைப்பை ஏற்று உள்ளே வந்து உட்கார்ந்திருப்பது அவன். நாங்கள் ஆரத்தி எடுத்து வரவேற்றுக்கொண்டிருந்தோம்.

அவள் வீட்டு போனுக்கு அடித்தேன். அவன்தான் எடுத்தான். பின்னால் அவள் குரல் கேட்டது, வார்த்தையாக இல்லை. அவன் ரிசீவரை அந்தச் சத்தத்தின் பக்கம் நீட்டிப் பிடித்திருக்க வேண்டும், ஏனென்றால் அது பெரிதாகக் கேட்டது. பிறகு வைத்துவிட்டான்.

அண்ணன் கடைக்குப் போன் போட்டு, "போலீஸக் கூட்டிக்கிட்டு சமயநல்லூர் வா, அவளக் கொல்றான்," என்றேன். அவன் ஏதோ கேட்பதற்குள் வைத்துவிட்டு, மேசைமேல் இருந்ததை எல்லாம் கைப்பையில் வாரிப் போட்டுக்கொண்டு மொபெட்டை எடுத்தேன். கடை திறந்தது திறந்தபடி கிடந்தது. பூட்டு என் பையில் இருந்தது.

விளாங்குடி, பரவை எல்லாம் எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. ஒரு லாரிக்காரன் என் வம்சத்தையே திட்டியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. என்னால் முடிந்ததை நானும் திருப்பிக் கொடுத்தேன்.

அவர்கள் வீட்டு வாசலில் ஏழெட்டு ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கதவு உள்ளே தாழ்ப்பாள். உள்ளேயிருந்து விழும் ஒவ்வொரு சத்தமும் தெளிவாகக் கேட்டது. நிற்கிறவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணே, கதவ ஒடைங்கண்ணே," என்றேன் ஒருவரிடம்.

"புருசன் பொண்டாட்டி விசயம்மா. காலைலருந்தே நடக்குது. நாம எப்படித் தலையிடுறது?"

"காலைலருந்தா?"

"ஆமா. இம்புட்டு நேரம் அடிச்சதில்ல இதுக்கு முன்னாடி," என்றார், என்னமோ மழையைப் பற்றிச் சொல்வதுபோல.

அவர் சட்டையைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். அவருக்கு அப்போதும் கோபம் வரவில்லை, எனக்குத்தான் அது இன்னும் எரிச்சலாக இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, தன் வீட்டுப் பின்பக்கம் கையைக் காட்டினாள். அவள் வீட்டுக்குள் புகுந்து கொல்லைப்பக்கம் போனேன். இடுப்பு உயரச் சுவர். அந்தப் பக்கம் அவர்களுடைய பின்கதவு திறந்து கிடந்தது.

அடுப்படியில் அவளை உட்காரவைத்திருந்தான். அவள் கூந்தல் அவன் இடது கையில் சுற்றியிருந்தது. தரையெல்லாம் அச்செடுத்த தாள்கள். ராத்திரியே ஏதோ ஒரு சென்டரில் எங்கள் மடல்கள் அத்தனையையும் அச்செடுத்து வந்திருந்தான். ஒவ்வொன்றாக அவள் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறான். வாசித்து முடித்ததும் ஓர் அடி. வாய் உடைந்து அவளால் சரியாக வாசிக்க முடியாமல் போனதும், சரியாக வாசிக்காததற்கு ஓர் அடி. நான் உள்ளே போனபோது அவள் கையில் ரத்தம் பட்ட ஒரு தாள் இருந்தது. வலது காலை எடுத்து வைத்து வா என்ற மடல் அது.

அவன் திரும்பிப் பார்த்தான்.

"நீதானா அந்தக் கடைக்காரி?" என்றான். "வா. உன்னோடதும் இருக்கு, நீயே வாசி."

பையை வாரோடு சேர்த்துப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி வீசினேன். பூட்டு அவன் கன்னத்து எலும்பில் இறங்கியது. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது, ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. அவன் அடுப்பு மேடையில் சாய்ந்தான், பால் பாத்திரம் கவிழ்ந்தது. இரண்டாவது வீச்சு தோளில் பட்டது. மூன்றாவதுக்குள் என் பின்னலைப் பிடித்துவிட்டான். தலையைச் சுவரில் மோதினான். ஒருமுறை, மறுபடி, மறுபடி. இடது காதுக்குள் ஏதோ கிழிந்து சூடாக வழிந்தது. அந்தக் காது இன்றும் சரியாகக் கேட்பதில்லை. நான் அவன் கையைக் கடித்தேன், பல்லுக்கு எலும்பு தட்டுப்படும்வரை கடித்தேன். அவன் விடவில்லை. கையில் துவைக்கிற கட்டையோடு பக்கத்து வீட்டுப் பெண் பின்னாலேயே சுவரேறி வந்தது எனக்குத் தெரியாது. அவள் அவன் முழங்காலில் போட்ட போடில்தான் அவன் விழுந்தான். விழுந்தவனை அவள் நிறுத்தாமல் அடித்தாள். ஒவ்வோர் அடிக்கும், "எம்புட்டு நாளா, எம்புட்டு நாளா," என்று சொல்லிக்கொண்டே அடித்தாள். அவனைச் சொன்னாளா, கேட்டுக்கொண்டே இருந்த தன்னைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

அண்ணன் போலீஸோடு வந்து முன்கதவை உடைத்தான். வாசலில் நின்றவர்கள் அப்போது வேகமாக உள்ளே வந்து, எல்லோரும் சேர்ந்து தூக்கினார்கள். ஆளாளுக்கு வழி சொன்னார்கள்.

ஸ்டேஷனில் அதிகாரி என்னைக் கேட்டார்.

"பூட்டால அடிக்கலாமாம்மா?"

"கையில அதுதான் சார் இருந்துச்சு."

அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். பூட்டை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவனை உள்ளே தள்ளினார்கள், நான் கொஞ்ச காலம் கோர்ட்டுக்கு நடந்தேன்.

அவளைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நெற்றியில் தையல், உதட்டில் தையல், முன்பல் இல்லை, விலா எலும்பு முறிந்திருந்தது. பிழைத்துவிடுவாள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வெளியே வந்து பெங்களூருக்குப் போன் போட்டேன். காதில் பஞ்சு, தலை சுற்றல், வாயில் வந்ததையெல்லாம் தமிழில் கொட்டினேன்.

"அவளுக்கு மெயில் போடக் கூடாதுன்னு எழுதுனேனா இல்லையா? உங்களால அவ பல்லு போச்சு சித்தி. உசுரு போயிருக்கும்."



"மெயில் போடக் கூடாதுன்னுதானம்மா சொன்ன," என்றார் சித்தி. "நான் மெயில் போடலியே. அழைப்புதான் வச்சேன்."

அவர் தந்திரமாகப் பேசவில்லை. அவருக்கு நிஜமாகவே இரண்டும் வேறு வேறு. யாருக்கும் எதுவும் எழுதாமல் இருக்கலாம். அழைக்காமல் இருக்க முடியாது. அது புரிந்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. போனை வைத்துவிட்டேன். அன்றைக்கே கடைக்குப் போய் அந்த ஐடியைக் குரூப்பிலிருந்து தூக்கினேன். இனி இந்தக் குரூப்பில் அழைப்பு என்பதே கிடையாது, வருகிறவர்கள் என் கடைக்கு வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேரட்டும் என்று எழுதினேன். ஒருத்தியும் எதிர்த்துப் பேசவில்லை. வலது காலை எடுத்து வைத்து வா என்று எழுதியவள் அதன் பிறகு எழுதவே இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவள் படுக்கைக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தபோது வார்டுக்குள் ஒரு வயதான அம்மா வந்தார். கசங்கிய பட்டுச்சேலை, பஸ்ஸில் வந்த கலைந்த தலை. அதுவரை நான் சித்தியைப் போட்டோவில்கூடப் பார்த்ததில்லை. கையில் வெள்ளிக் குங்குமச் சிமிழ் இருந்ததால் தெரிந்துகொண்டேன். எழுந்து அடிப்பதற்குத்தான் எழுந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நேராகப் படுக்கைக்குப் போனார்.

சிமிழைத் திறந்து விரலில் குங்குமம் எடுத்தார். அழைக்கும்போது வைக்கிற மாதிரி நெற்றிக்குக் கொண்டுபோனார். நெற்றி முழுக்கக் கட்டு. கழுத்துப் பக்கம் கொண்டுபோனார், அங்கே அவன் விரல்கள் கறுத்துக் கிடந்தன. குங்குமம் வைக்க இடம் இல்லை. விரலை நீட்டியபடி அந்த அம்மா நின்றார். விரலிலிருந்து போர்வைமேல் குங்குமம் உதிர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடிக்க எழுந்தவள் அப்படியே நின்றேன்.

படுத்திருந்தவள் இடது கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்தாள். சுத்தியல் பட்ட அந்த இரண்டு விரலும் கோணலாகக் கூடியிருந்தன. உள்ளங்கையை விரித்தாள்.

"இதுல வைங்க சித்தி," என்றாள். தையல் போட்ட உதட்டில் அம்புட்டுத்தான் வந்தது.

சித்தி உள்ளங்கையில் குங்குமத்தை வைத்தார். வாசலில் நின்று அழைக்கும்போது சொல்கிற அதே வார்த்தையை எங்கள் மொழியில் சொன்னார். எங்கள் வீட்டுக்கு நீ வர வேண்டும்.

அவள் கையை மூடிக்கொண்டாள்.

"வாரேன்," என்றாள்.